பாட்டு முடியட்டும்

"அம்மா, எல்லாரும் வந்து எடுத்துக்கிட்டே இருந்தா நம்மகிட்ட குறைஞ்சு போயிடாதா?"

சிந்து இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அவள் அம்மா நீரஜா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து தன் வலைப்பூவில் ஒரு புதுப் பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். நீரஜா தானே எழுதி, தானே பாடிப் பதிவு செய்த அம்மன் பாட்டுகள் அந்த வலைப்பூ முழுக்க இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே 'தரவிறக்கிக்கொள்ள இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு வரி. அழுத்தினால் பாட்டு அவரவர் போனுக்குப் போய்விடும். காசு கிடையாது. யார் எவர் என்ற கேள்வியும் கிடையாது.

நீரஜா சிரித்தாள். "தண்ணியா என்ன, மொண்டா குறையறதுக்கு? எத்தனை பேர் எடுத்தாலும் நம்மகிட்ட இருக்கறது அப்படியே இருக்கும்."

"அப்புறம் நமக்குத் திருப்பி வேணும்னா?"

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா? தப்பு கண்ணு."

குழந்தை அதை நம்பிவிட்டு விளையாடப் போனது. குழந்தைகளின் சில கேள்விகளுக்கு நாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுகிறோம். அந்தக் கேள்வி அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கிறது என்பது அப்போது நமக்குத் தெரிவதில்லை.

அடையாற்றில், ஆற்றுக்குப் போகும் பழைய தெரு ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன் ஆக்கியிருந்தார் வீட்டுக்காரர். சுவரின் உச்சியில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை மட்டும் அடைபடாமல் மிஞ்சியிருந்தது. நீரஜாவின் கணவன் அஸ்வின் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டான். அவன் கடை சாத்தி வீடு வருவதற்குள் சிந்து தூங்கிப்போவாள்.

அடுத்த போர்ஷனுக்கு ஒரு கார்த்திகை மாதம் சேட்டுவும் அவன் மனைவி தேவானையும் குடிவந்தார்கள். சேட்டு ஆட்டோ ஓட்டுபவன். ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் தேவானைக்குப் புற்றுநோய். அடையாற்று ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரவேண்டியிருந்ததால், பக்கத்திலேயே இந்த ஒற்றை அறையைப் பிடித்தான் சேட்டு. ஆட்டோவிலிருந்து இறங்கியவை ஒரு மடக்குக் கட்டில், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், கழுத்தில் 'தேவானை' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய ஒரு எவர்சில்வர் குடம்.

அந்தக் குடத்தோடுதான் தேவானை முதலில் நீரஜாவின் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, தண்ணி லாரி இன்னிக்கு வர்லயாம். ஒரு கொடம் குடுக்கிறியா? அடுத்த தபா வர்றப்போ திருப்பி ஊத்திர்றேன்."

"தண்ணியைப் போய் யாராவது திருப்புவாங்களா? எடுத்துட்டுப் போ."

"அப்டி சொல்லாதக்கா. எந்தக் கடன வேணா வெச்சுக்கினு சாவலாம், தண்ணிக் கடன வெச்சுக்கினு சாவக் கூடாதும்பாங்க எங்காண்ட. நாக்கு காஞ்சுக்கினே கெடக்குமாம்."

"வந்ததும் வராததுமா என்ன சாவுப் பேச்சு?"

"ஆஸ்பத்திரி வரிசையில குந்திக்கினு கீறவகிட்ட வேற இன்னா பேச்சு இருக்கும்? சினிமாப் பேச்சா?" என்று தேவானை சிரித்தாள். பல்வரிசை அழகாக இருந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தாள், முடி கொட்டிப் போனதை மறைக்க.

அந்தக் குடம் திரும்ப நிரம்பி வரவில்லை. தேவானை சீக்கிரமே படுத்த படுக்கையாகிவிட்டாள். லாரி வந்த சத்தம் கேட்கும்போதெல்லாம் காற்றுத் துளை வழியே அவள் குரல் வரும். "அக்கா, உன் தண்ணி அப்டியே நிக்குது. நான் மறக்கல."

"நீ மறந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள் நீரஜா.

சேட்டு சவாரிக்குப் போகும் பகல்களில் நீரஜாதான் பார்த்துக்கொண்டாள். கஞ்சி கொண்டு போவாள், தலையணையை நகர்த்திக் கொடுப்பாள். இருவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எது வேண்டுமானாலும் தேவானை டம்ளரால் சுவரில் தட்ட வேண்டும். தட்டினால் நீரஜா வந்துவிடுவாள். கையில் மாவு ஒட்டியிருந்தாலும் வந்துவிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், நீரஜா புதுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தாள். அம்மனை வீட்டுக்கு அழைக்கிற பாட்டு.

*வாசல் திறந்திருக்கு, வந்து உட்காரம்மா,*
*வாய் நனைய ஒரு மடக்கு வாங்கிக்கோ அம்மா.*

பதிவு செய்யும்போது சன்னலைச் சாத்துவாள், மின்விசிறியை அணைப்பாள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். ஹெட்போனில் சுருதி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். வேறொன்றும் காதில் விழாது. அன்று பாட்டு அப்படிக் கூடி வந்தது. கடைசி வரியில் அவள் குரல் தானாகவே தழுதழுத்தது. தாய் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள் என்றே தோன்றியது அவளுக்கு.

என்னதான் சாத்தினாலும் தெரு இரைச்சல் பதிவில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதை வடிகட்ட இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள் அவளிடம் இருந்தது. வேண்டாத சத்தம் எது என்று ஒரு துணுக்கைக் காட்டினால் போதும், பாட்டு முழுக்கத் துழாவி அந்தச் சத்தத்தை எடுத்துவிடும். எடுத்துவிட்டுக் கேட்டாள். குரல் மட்டும் கோயில் விளக்கு மாதிரி நின்றது.

தேவானைக்குப் போட்டுக் காட்டலாம் என்று போனை எடுத்துக்கொண்டு அடுத்த போர்ஷனுக்குப் போனாள்.

தேவானை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது.

"வலி இல்லாமத்தானக்கா போயிருக்கும்?" என்று சேட்டு அன்று மாலை கேட்டான்.

"தூக்கத்துலயே போயிருக்கா, சேட்டு" என்றாள் நீரஜா. அப்படித்தான் அவளும் நம்பினாள்.

காரியம் முடிந்ததும் சேட்டு ஊருக்கு வெளியே இருந்த வீட்டுக்குப் போய்விட்டான். பாத்திரங்களைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. வாடகை ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சாவியை நீரஜாவிடம் கொடுத்தான். அவள் அதைச் சாமி அலமாரிப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

பங்குனி பிறந்ததும் பாட்டை வலைப்பூவில் போட்டாள்.

அவள் போட்ட எந்தப் பாட்டுக்கும் இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. பூஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இந்தப் பாட்டை ஒலிக்கவிடுவது என்று யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. பாட்டில்தான் 'ஒரு மடக்கு வாங்கிக்கோ' என்று வருகிறதே. பின்னூட்டங்கள் வர ஆரம்பித்தன. பாட்டு முடிந்து பார்த்தால் டம்ளரில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று ஒருவர் எழுதினார். எங்கள் வீட்டில் முழுவதும் காலி என்று இன்னொருவர். அம்மன் வந்து குடிக்கிறாள் என்று எல்லோரும்.

மயிலாப்பூரிலிருந்து சுந்தரவல்லி மாமி போனே செய்துவிட்டார். பல வருஷமாக நீரஜாவின் பாட்டுகளைக் கேட்டுவருகிறவர். "நீரஜா, எங்காத்துல அம்பாள் சாட்சாத் வந்து குடிச்சிண்டு போறாடீ. நானே கண்ணால பார்த்தேன். பாட்டு ஓடற வரைக்கும் தண்ணி அப்படியே இருக்கு. முடிஞ்சதும்தான் இறங்கறது. என்ன ஒரு பவ்யம் பாரு, பாட்டு முடியற வரைக்கும் காத்துண்டிருக்கா."

நீரஜாவுக்குக் கண் நிறைந்தது. அவளும் தன் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு டம்ளர் வைத்துப் பாட்டைப் போட்டாள். கைகூப்பிக் கண்மூடி நின்றாள். கடைசி வரி அடங்கியது.

மிக அருகில், யாரோ விழுங்கும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். டம்ளர் காலி. அடியில் ஈரம்கூட இல்லை, துணியால் துடைத்து வைத்தது போல.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் கைமயிர் குத்திட்டு நின்றது. அந்த விழுங்கலில் அவசரம் இருந்தது. தெய்வத்துக்கு ஏது அவசரம் என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டது. அவள் அதை அடக்கிவிட்டு விபூதி பூசிக்கொண்டாள்.

கத்திரி வெயில் தொடங்கியது. மத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடமாடாத வெயில். பின்னூட்டங்களின் குரல் மாறியது. தண்ணீர் வைக்க மறந்த அன்று பூந்தொட்டிகள் கருகிவிட்டன என்று ஒருவர் எழுதினார். மீன் தொட்டியைக் காலையில் நிரப்பினேன், பாட்டு முடிந்தபோது மீன்கள் வெறும் கூழாங்கல்லில் துள்ளின என்று ஒருவர்.

ஒரு நாள் காலையில் சுந்தரவல்லி மாமி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்து அறையில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல.

"நீரஜா, நேத்திக்கு தண்ணி வைக்க மறந்துட்டேன். பாட்டைப் போட்டுட்டுச் செத்த கண்ணசந்தேன். முழிச்சுண்டா நாக்கு மரக்கட்டையா இருக்கு. கண்ணுல ஜலம் இல்லை, இமை ஒட்டிண்டு திறக்க வரலை. இது அம்பாள் இல்லைடீ. அம்பாள் எடுத்துக்க மாட்டா. யாரை நீ கூப்பிட்டே?"

நீரஜா திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் சிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொம்பை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடி குடித்தாள்.

பள்ளி விடுமுறை. மத்தியானத்தில் சிந்து அம்மாவின் பாட்டைத் தன் டேப்லெட்டில் போட்டுக் கேட்டபடியேதான் தூங்குவாள். நீரஜாவுக்கு அது இத்தனை நாளும் பெருமையாக இருந்தது.

அவள் ஓடிப்போய் டேப்லெட்டைப் பிடுங்கிப் பாட்டை அழித்தாள். அப்போதுதான் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கையைப் பிடித்துக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து கண்ணு இப்படி இருக்கு?"

"நான் குடிச்சுக்கிட்டேதாம்மா இருக்கேன்" என்றாள் சிந்து. "ஆனா எனக்கு வந்து சேர மாட்டேங்குது."

தெருமுனை டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டில் காலியானது. குழந்தையின் நாக்கு காய்ந்தபடியே இருந்தது. டாக்டர் ஊசியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தரையில் எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தரை உலர்ந்திருந்தது. இன்னொரு பாட்டில் ஏற்றினார். அதுவும் அப்படியே போனது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுத்துக்கிட்டே இருங்க. இந்த ராத்திரிக்குள்ள தேறணும். காலையில இதே மாதிரி இருந்தா பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றார். பிறகு சேர்த்துக்கொண்டார்: "அங்கேயும் இதைத்தான் ஏத்துவாங்க."

நீரஜா வலைப்பூவிலிருந்து பாட்டை எடுத்துவிட்டாள். மடிக்கணினியில் இருந்த பாட்டுக் கோப்பையும் அழித்தாள். யாரும் இதை இனி ஒலிக்கவிட வேண்டாம், கையிலிருப்பதை அழித்துவிடுங்கள் என்று அறிவிப்பு எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் அவள் போனிலேயே அந்தப் பாட்டு வந்து விழுந்தது. உறவினர் ஒருவர் அனுப்பியிருந்தார். 'தண்ணீர் அருந்தும் அம்மன். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்.' யாரோ ஒரு அம்மன் படத்தைச் சேர்த்து யூடியூபிலும் ஏற்றியிருந்தார்கள்.

கடையிலிருந்து ஓடிவந்த அஸ்வின் வாசலிலேயே கேட்டான். "அழிச்சிட்டேல்ல?"

"நம்மகிட்ட அழிச்சிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"ஊர் பூரா இருக்குங்க. எடுத்துட்டுப் போனவங்க யாரு, எங்க இருக்காங்க, எனக்கு எப்படித் தெரியும்? பேர்கூடக் கேக்காம கொடுத்தேன்."

தெருவில் இளநீர் வண்டிக்காரரின் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலே நாலா பக்கமும் நின்றுகொண்டு வா வா என்று அழைத்தது.

கட்டிலிலிருந்து சிந்து மெதுவாகச் சொன்னாள். "குறையாதுன்னு சொன்னியேம்மா."

அஸ்வின் ஆட்டோ பேசி வைக்கப் போனான். விடியும் வரை காத்திருக்க அவனுக்கு மனம் இல்லை, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றான். அவன் வருவதற்குள் துணிமணி எடுத்து வைக்க வேண்டும். நீரஜா எடுத்து வைக்கவில்லை. மாமி கேட்ட கேள்வி அவளை விடவில்லை. யாரை நீ கூப்பிட்டே?

மடிக்கணினியைத் திறந்தாள். வடிகட்டுவதற்கு முந்தைய பதிவு மட்டும் அதில் இன்னும் அழியாமல் இருந்தது. அந்த மென்பொருளில் அவள் ஒரு நாளும் தொடாத ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு கேட்காது. பாட்டிலிருந்து எதை எடுத்தெறிந்தோமோ, அது மட்டும் கேட்கும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அழுத்தினாள்.

முதலில் தெருவின் உறுமல். ஒரு காக்கை. எங்கோ குக்கர் விசில். அவள் குரல் இருந்த இடமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போல ஒரு குழைவு.

அதற்குள்ளே, டொக்.

டொக், டொக்.

டம்ளர் சுவரில் படும் சத்தம்.

"அக்கா."

நீரஜாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"அக்கா, நாக்கு ஒட்டிக்கினு கீது. கொஞ்சம் தண்ணி."

டொக்.

பிறகு டம்ளர் விழுந்து தரையில் உருண்டு போகும் சத்தம். உருண்டு, உருண்டு, எங்கோ முட்டி நின்றது.

மூச்சு. நீண்ட மூச்சு.

"பாடிக்கினு கீறியா?" குரலில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் நீரஜாவால் தாங்க முடியவில்லை. "சரிக்கா. சாமி பாட்டு. நடுவுல நிறுத்தாத. பாட்டு முடியட்டும். அப்பால வந்து குடு."

பிறகு மூச்சு மட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு மூச்சு. *வாய் நனைய ஒரு மடக்கு வாங்கிக்கோ அம்மா* என்று அவள் தழுதழுத்த இடத்தில் அந்த மூச்சு ஒரு முறை உயர்ந்தது. பாட்டு முடிந்தது. மூச்சும் இல்லை.

சுவருக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கேட்காத தெய்வத்தைக் குடிக்கச் சொல்லி அழைத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவள் காத்திருந்திருக்கிறாள்.

நீரஜா ஹெட்போனைக் கழற்றினாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டொக். டொக்.

சுவரிலிருந்து வந்தது. அடுத்த போர்ஷனிலிருந்து.

கட்டிலில் சிந்து கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "ரொம்ப நாளா தட்டுறாங்கம்மா. உனக்குக் கேக்கலையா?"

நீரஜா ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். சொம்பு நிறையத் தண்ணீரும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டாள். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. பூட்டு விரலைச் சுட்டது.

பூட்டிக் கிடந்த அறைக்கு இருக்க வேண்டிய புழுக்க வாடை அங்கே இல்லை. சூளையைத் திறந்தது போல உலர்ந்த மண்ணின் வாடை. அலமாரியில் தேவானையின் குடம் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் தூசி. மடக்குக் கட்டில் அன்று இருந்தபடியே இருந்தது. தலையணையில் ஒரு பள்ளம். கட்டிலை ஒட்டிய சுவரில், படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், சுண்ணாம்பு பிறை பிறையாகப் பெயர்ந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவர் நெடுகிலும் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த தூள் கட்டில் விரிப்பின் மேல் புதிதாக உதிர்ந்து கிடந்தது.

ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தேவானை" என்றாள். "பாட்டு முடிஞ்சிருச்சு. வந்துட்டேன்."

தட்டுவது நின்றது.

கரண்டியில் தண்ணீர் எடுத்துத் தலையணைப் பள்ளத்துக்கு மேலே பிடித்தாள். சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. தலையணை நனையவில்லை.

விழுங்கும் சத்தம்.

அடுத்த கரண்டி. அதற்கு அடுத்தது. நோயாளிக்குப் புரையேறாமல் கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாள். சொம்பு தீர்ந்தது. வீட்டுக்குப் போய்ப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தாள். சில சமயம் கரண்டியின் நுனியை ஏதோ மெதுவாகப் பற்றி இழுத்தது, பசியெடுத்த குழந்தை பற்றுவது போல. அவள் கரண்டியை விடவில்லை. "மெதுவா. இருக்கு. இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். கண்ணீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது. பிறகு அதுவும் காய்ந்தது.

பானையின் அடித்தண்ணீரை வழித்து ஊற்றியபோது, ஒரு சொட்டு தலையணையில் விழுந்து அப்படியே நின்றது. மெல்லப் பரவியது. துணி நனைந்து நிறம் மாறியது.

வீட்டுக்குள் சிந்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நீரஜா அதற்கு முன் பார்த்ததில்லை.

"தண்ணி தாம்மா."

வீட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர் வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை அண்ணாந்து குடித்தது. "சில்லுனு இறங்குதும்மா" என்றது. ஆட்டோவோடு வந்து நின்ற அஸ்வின் மனைவியின் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தான்.

சிந்து தேறினாள். ஆனால் கதை முடிந்துவிட்டது என்று சொல்ல நீரஜாவுக்கு வாய் வரவில்லை. இந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவளுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். எடுத்துச் சென்றவர்களின் போன்களிலும் கணினிகளிலும், பாட்டு முடியட்டும் என்று காத்திருப்பவளுக்கு யார் கொடுப்பது? அவர்கள் வாசல் எங்கே என்றுகூட அவளுக்குத் தெரியாது. வலைப்பூவில் பாட்டு இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் எழுதிவைத்தாள்: 'இந்தப் பாட்டு உங்களிடம் இருந்தால், கேட்கும் முன் அக்கம்பக்கத்தில் படுக்கையில் இருப்பவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு வாருங்கள்.'

"அதுக்கும் இதுக்கும் என்னடீ சம்பந்தம்?" என்று சுந்தரவல்லி மாமி கேட்டார். ஆனாலும் கீழ் வீட்டில் படுத்திருந்த கிழவருக்குத் தினம் மோர் கொண்டு போனார். மாமி வீட்டில் டம்ளரில் தண்ணீர் குறைவது நின்றது. மற்றவர்கள் யாரும் அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

ஆடி பிறக்கும் முன் ஒரு நாள். லாரி வரவில்லை. பானை வறண்டிருந்தது. சிந்துவைப் பள்ளியில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு நீரஜா தெருவில் திரும்பி வந்தாள். எதிர் மாடியில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள்.

அவள் வாசற்படியில் ஒரு குடம் இருந்தது.

எவர்சில்வர் குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாக 'தேவானை'. வாய்வரை தண்ணீர், தளும்பத் தளும்ப. படியில் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. அடுத்த போர்ஷன் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. தெருவில் யாரும் இல்லை.

எதிர் மாடியில் பாட்டு முடிந்தது.

குடத்துத் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது.

சற்று நின்றது. பிறகு, கடனை நினைத்துக்கொண்டு, எடுத்த மடக்கை யாரோ திரும்ப உள்ளே விட்டது போல, மெதுவாக ஏறி, வாய்வரை நிறைந்தது.